முகத்துக்கு நிறம் வைப்பவள்

துகினெம் யாரைப் பார்த்தாலும் முதல் வேலையாக அந்த ஆளின் முகத்துக்கு ஒரு நிறம் வைத்துவிடுவாள். கையில் தூரிகை இருக்க வேண்டும் என்பதில்லை. சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே வைப்பாள், கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே வைப்பாள். வைத்ததை மனசோடு வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. "கடைக்காரன் சிவப்பு. எடை போடும்போது மூக்கு விடைக்குது பாரு" என்று பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வாள். பக்கத்தில் நிற்பவள் கடைக்காரனின் தங்கையாக இருப்பாள்.

சும்பர்வாரு ஊரில் இதற்காக யாரும் அவளிடம் சண்டைக்குப் போனதில்லை. சண்டைக்குப் போனால் அதுவே சிவப்புக்குச் சாட்சியாகிவிடும் என்ற பயம்தான்.

அவள் தொழில் அப்படி. கணவன் பார்தோ எருமைத் தோலைச் செதுக்கித் தோல்பாவை வெட்டுவான். வெட்டிய பாவைக்கு வர்ணம் தீட்டுவது இவள். உடை, நகை, தலைக்கட்டு எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் முகம். முகம் கறுப்பென்றால் ஆழ்ந்த மனசு, அவசரப்படாத ஆள்: க்ரெஸ்னா, பீமா. பொன்னென்றால் அரச அமைதி. சிவப்பென்றால் கோபம், பேராசை, அரக்கர் கூட்டம். க்ரெஸ்னாவின் அண்ணன் பலதேவாவுக்கு மட்டும் இளஞ்சிவப்பு, ஏனென்றால் ஆள் தங்கம், ஆனால் சுள்ளென்று வரும். வெளிர்நீலம் கோழைக்கு. எதிரே வந்து நிற்கத் துணிவில்லாமல் பின்னால் இருந்தே காய் நகர்த்துகிற சங்குனிக்கு அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக வெளிர்நீலம்தான்.

ஒரே ஆளுக்கு இரண்டு முகம் வைப்பதும் உண்டு. ஊருக்குச் சொந்தமான பாவைப் பெட்டியில் க்ரெஸ்னா இரண்டு பேர் இருந்தார்கள், இளவயசில் பொன், பிற்பாடு கறுப்பு. பாவைகளுக்குக் கொடுத்த அந்தச் சலுகையைத் துகினெம் மனிதர்களுக்குக் கொடுக்கவில்லை. ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. அவளைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். முதலாமவன் புகையிலை வியாபாரி, வந்து உட்கார்ந்ததும் வீட்டுக் கூரையை அண்ணாந்து விலைபோட்டான். சிவப்பு. இரண்டாமவன் அவள் அப்பா தும்மியதற்கே எழுந்து நின்றான். வெளிர்நீலம். மூன்றாவதாக வந்த பார்தோ ஒரு வார்த்தை பேசாமல், தலையைக் குனிந்து, கன்னத்தில் கையை வைத்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

"கறுப்பு" என்றாள் அப்பாவிடம்.

"பையன் மாநிறம்தானேம்மா?" என்றார் ஆட்டு வியாபாரியான அப்பா.

பார்தோவுக்கு அன்று கடைவாய்ப் பல்லில் வலி என்பது கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் லஸ்மி பிறந்துவிட்டாள். "பல் வலிக்காரனைக் கறுப்புன்னு நினைச்சு ஏமாந்தவ நான் ஒருத்திதான்" என்று துகினெம் சொல்லிக்காட்டுவாள். ஆனாலும் நிறத்தை மாற்றவில்லை.

முதலில் பார்தோதான் வர்ணமும் தீட்டினான். அவன் தீட்டிய பீமாவுக்குக் கண் செருகிப்போய், இதோ மயக்கம் போட்டு விழப்போகிறான் என்கிற மாதிரி இருந்தது. துகினெம் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி எடுத்தாள், எலும்பைச் சுட்டு வெள்ளை எடுத்தாள், மீன்பசையில் குழைத்தாள். ஊர்ப் பெட்டியில் இருந்த எண்பத்திரண்டு பாவைகளின் முகத்தையும் எட்டு வருஷத்தில் அவள் ஒருத்தியே தீட்டி முடித்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தால் அவள் எழுதியதை ஊரே படித்தது.

அந்த முகங்களுக்கு ஒரே ஒரு எதிரி இருந்தார். கூத்துக்காரர் கொண்டோ. சுற்றுவட்டாரத்தில் கூத்துக்காரர்கள் எல்லாரும் கிராம்பு சிகரெட் பிடிக்க, இவர் மட்டும் குரலுக்கு நல்லது என்று வெற்றிலை போடுவார். வலது கட்டைவிரலில் எப்போதும் சுண்ணாம்பு. அந்தக் கட்டைவிரலால், திரைக்கு முன் கொண்டுவரும் ஒவ்வொரு பாவையின் கன்னத்தையும் ஒரு தடவை வருடிவிட்டுத்தான் பேசவைப்பார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை துகினெம் எல்லாக் கன்னத்துக்கும் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

"அண்ணே, ஒங்க விரல்ல இருக்கறது பாசமா, சுண்ணாம்பா? என் க்ரெஸ்னா கன்னம் பூரா அரிச்சுப்போச்சு."

"பாசம்தான் தாயி அரிக்கும்" என்பார் கொண்டோ.

சங்குனியை மட்டும் அவர் வருட மாட்டார். கைக்குச்சியை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கி வருவார். அவனைத் தொட்டால் வெற்றிலை கசக்கிறதாம். அதனால் எண்பத்திரண்டில் சங்குனியின் கன்னம் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

ஊர்த்தலைவர் திர்தோவுக்குத் துகினெம் வைத்திருந்த நிறமும் வெளிர்நீலம்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தெருவில் வாத்துக்கூட்டம் குறுக்கே வந்தால், கடைசி வாத்து போகும்வரை ஓரமாக நின்று வழிவிடுகிற மனிதர். கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கும். கூட்டத்தில் யாராவது இருமினால் பேச்சை நிறுத்திவிட்டு, "ஆட்சேபணையா?" என்பார். இருபது வருஷமாக அவர் ஊர்த்தலைவர், இருபது வருஷமாக வெளிர்நீலம். கிணற்றடியில், ஆலையில், சாவு வீட்டில் என்று துகினெம் இதைச் சொல்லாத இடம் இல்லை.

தேர்தலுக்கு முந்தின வருஷம் அது. ஆட்சியில் இருந்தவர்களின் நிறம் மஞ்சள். எதிர்த்து நின்றவர்களின் நிறம் சிவப்பு. வட்டாரத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒரு கடிதம் அனுப்பினார்: அறுவடை முடிந்து சும்பர்வாருவில் ஊர்ப்பீடை கழிக்கும் திருவிழாவுக்கு நான் வருகிறேன், அதற்குள் ஊர் மஞ்சளாக இருக்க வேண்டும்.

ஊர் மஞ்சளாயிற்று. வேலிகள், பாலம், பள்ளிக்கூடச் சுவர், கல்லறை வாசல், தென்னை மரங்களில் ஆள் உயரத்துக்கு. ஈர வேலியில் சாய்ந்து படுத்த ஒரு நாய் பாதி மஞ்சளாகிவிட்டது. அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதை வைத்து டீக்கடையில் தேர்தல் முடிவைச் சொன்னார்கள்.

துகினெமுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்பு திர்தோ இரண்டு பெயின்ட் டப்பாவோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை.

"துகினெம்... வேலையா இருக்கியாம்மா?"

"சும்மாதான் தலைவரே, பீமாவுக்கு மீசை திருத்திக்கிட்டிருக்கேன். என்ன டப்பா அது?"

"மஞ்சள்."

"எங்க வேலிதான் அடிச்சாச்சே."

"வேலிக்கில்லம்மா." அவர் பாவைப் பெட்டியைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார். "மூஞ்சிக்கு."

"யாரு மூஞ்சிக்கு?"

"எல்லாரு மூஞ்சிக்கும்."

துகினெம் தூரிகையைக் கீழே வைத்தாள். "ஏன், பீமாவுக்கு என்ன காமாலையா?"

"நான் சொல்லலம்மா. அதிகாரி சொல்றாரு. ஊரு ஒரு நிறம், மேடை ஒரு நிறம்னு இருந்தா நல்லா இருக்காதாம்."

உளியைத் தட்டிக்கொண்டிருந்த பார்தோ தலையை நிமிர்த்தினான். "பொன் மூஞ்சி பதினெட்டு இருக்கே தலைவரே. அதுவும் மஞ்சள் வகைதானே? அதையாவது விட்டுரலாமா?"

திர்தோ சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவு அட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இந்த மஞ்சள்தான் வேணுமாம். மாதிரி குடுத்துவிட்டிருக்காரு."

"முடியாதுன்னு சொல்லுங்க."

"நானா?" என்றார் திர்தோ, நிஜமாகவே திகைத்துப்போய்.

"பின்னே நானா போயி சொல்லணும்? ஒங்களுக்கு எதுக்குத் தலைவர் பட்டம், வாத்துக்கு வழிவிடவா?"

அவர் இதற்குக் கோபப்படவில்லை. டப்பாக்களைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இன்னொண்ணு இருக்கும்மா. லஸ்மியோட நன்னடத்தைச் சான்று. நான்தான் கையெழுத்துப் போடணும். போடலாம்னுதான் எடுத்து வச்சிருக்கேன். பாவை மூஞ்சி மாறுற வரைக்கும் இந்த ஊருலேர்ந்து ஒரு காகிதமும் வரக்கூடாதுன்னு அதிகாரி சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணுக்கு சனிக்கிழமைதானே கடைசி நாள்?"

ஆமாம், சனிக்கிழமைதான். லஸ்மி ஆறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். நிரந்தரமாவதற்கு வந்திருந்த முதல் அழைப்பு அது. மற்ற காகிதமெல்லாம் சேர்ந்துவிட்டது, இந்த ஒன்றுதான் பாக்கி. திருவிழா வெள்ளிக்கிழமை.

திர்தோ போன பிறகு லஸ்மி உள்ளேயிருந்து வந்தாள். "வேணாம்மா. எனக்காக அதையெல்லாம் அழிக்காதே. தற்காலிகமாவே இருந்துட்டுப் போறேன்."

"இருந்துட்டுப் போறியா? கைநாட்டு வைக்கறவ வயித்துல பொறந்து கரும்பலகையில எழுதறே. அதைத் தற்காலிகம்னு ஒருத்தன் சொல்றதை நான் இன்னும் எத்தனை வருஷம் கேக்கறது?" துகினெமுக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும். அந்த வீட்டில் அதைச் சொல்லிக்காட்டும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். வேலிக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயின்ட். அது பட்டால் தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினால் முகமே கையோடு வந்துவிடும். மூடியை அழுத்தி மூடி இரண்டு டப்பாவையும் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அரிசிக்கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, மஞ்சள் கிழங்கை இழைத்து அதில் கலந்தாள். கஞ்சி காய்ந்தால் மெல்லிய ஏடாக நிற்கும், திருவிழா முடிந்ததும் ஈரத்துணியால் ஒற்றினால் உரிந்து வந்துவிடும். அட்டைத் துண்டோடு ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

மூன்று நாள் வேலை. வயிற்றெரிச்சலோடு செய்தாள். க்ரெஸ்னா போனார், பலதேவா போனார். பீமாவின் கறுப்புக்கு மேல் முதல் கோட்டை இழுத்தபோது துகினெம் அழுதுவிட்டாள். அந்தக் கறுப்புக்கு அவள் இரண்டு மழைக்காலம் விளக்குக்கரி சேர்த்திருந்தாள்.

"அழாதே" என்றான் பார்தோ. "இப்ப எல்லாரும் ஒரே மாதிரி நல்லவங்களாயிட்டாங்கன்னு நினைச்சுக்க."

"எல்லாரும் நல்லவன்னா கூத்து எதுக்கு? வீட்டுக்குப் போயித் தூங்க வேண்டியதுதானே?"

கடைசியாகச் சங்குனி. வெளிர்நீலம் மறைந்து மஞ்சள் ஏறியதும் அவன் ஆளே மாறிவிட்டான். பெண் பார்க்க அனுப்பலாம் போல இருந்தான். துகினெமுக்கு அவனைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அதிகாரி வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் பூட்ஸ். துகினெம் அவரை ஒரு பார்வை பார்த்து நிறம் தேடினாள். "என்ன நிறம்?" என்று பார்தோ காதில் கேட்டான். "இன்னும் தோலே பதப்படுத்தல" என்றாள்.

வாழைமரத் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்திருந்த பாவைகளின் முன்னால் அதிகாரி நடந்தார். பீமாவின் கன்னத்தோடு அட்டைத் துண்டை வைத்துப் பார்த்தார். திருப்தி. படிவத்தில் தன் கையாலேயே எழுதினார்: முகங்கள் எண்பத்திரண்டு, அனைத்தும் மஞ்சள், நேரில் பார்வையிட்டேன். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திர்தோவிடம் கொடுத்தார். திர்தோ அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கூத்து தொடங்கியது. ஊர்ப்பீடை கழிக்கும் கூத்து எப்போதும் பகலில்தான், நிழலுக்கு வேலையில்லை, சனம் பாவையின் முகத்தையே நேராகப் பார்க்கும். அதிகாரி முதல் வரிசையில், பக்கத்தில் திர்தோ. ஊர் சனம் பாயில். துகினெம் வாத்தியக்காரர்களின் ஓரமாக, லஸ்மியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூத்து முடிந்து இந்த மனிதர் ஜீப்பில் ஏறினால் போதும், சான்று கைக்கு வந்துவிடும் என்பதுதான் அவள் மனதில் ஓடியது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று சும்பர்வாருவில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? கால் சுளுக்கினால் இரண்டையும் குழைத்துச் சிவக்கச் சிவக்கப் பற்றுப் போடுகிறவர்கள்தானே. துகினெமுக்கும் தெரியும். கொண்டோவின் கட்டைவிரலும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்க அந்த மூன்று நாளில் தோன்றவில்லை என்று அவள் இன்றுவரை சத்தியம் செய்கிறாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

கொண்டோ வெற்றிலையை அதக்கிக்கொண்டு க்ரெஸ்னாவை எடுத்தார். வழக்கம்போலக் கன்னத்தை வருடினார். திரைக்கு முன் நிறுத்தி, "துவாராவதியின் மன்னன்..." என்று தொடங்கினார். மன்னனின் மஞ்சள் கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிவப்பு பூத்தது.

கொண்டோ பார்த்துவிட்டார். வாய் வசனம் சொல்லிக்கொண்டிருக்க, கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தக் கறையைத் துடைத்தார். அந்த வாயில் என்ன இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை. துடைக்கத் துடைக்கச் சிவப்பு நெற்றிவரைக்கும் ஏறியது.

பாயில் சலசலப்பு. "க்ரெஸ்னாவுக்கு ஏன்டி இப்படிக் கோவம் வருது?" என்றாள் ஒருத்தி.

"யாரோ வந்திருக்காங்க இல்ல, அதான்" என்றாள் இன்னொருத்தி.

துகினெம் கொண்டோவுக்குச் சைகை காட்டினாள். வருடாதே என்று கட்டைவிரலை ஆட்டிக் காட்டினாள். கொண்டோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாகவே போனது. பீமா வந்தான், சிவந்தான். அர்ஜுனா வந்தான், சிவந்தான். பலதேவா சிவந்தபோது, "அவருக்கு எப்பவும் வர்றதுதான்" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

அப்புறம் கோமாளி பெத்ருக் வந்தான். அவன் பேச வேண்டியதை அதிகாரியே எழுதிக் கொடுத்திருந்தார். கொண்டோ பாவம், எழுதியதை ஒரு எழுத்து விடாமல் சொன்னார்: "நம்ம ஊரு இன்னிக்கு மஞ்சள் வெயில்ல குளிக்குது! நம்ம நெஞ்செல்லாம் நன்றியால பூரிக்குது!" சொல்லச் சொல்ல பெத்ருக்கின் நீள மூக்கு நுனியிலிருந்து தொடங்கிக் கன்னம்வரை செக்கச்செவேல் என்று ஆயிற்று. சனம் முந்தானையாலும் துண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரிக்க, அணை உடைந்துவிட்டது.

சபைக் காட்சி முழுதாக அமைந்தபோது மேடையில் பாண்டவர் பக்கம் ஒரு முகம் பாக்கியில்லாமல் சிவப்பு. அப்போது கொண்டோ குச்சியை இரண்டு விரலால் பிடித்து, தொடாமல், சங்குனியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் மட்டும் பளிச்சென்று, அட்டைத் துண்டு மாதிரியே, அப்பழுக்கில்லாத மஞ்சள்.

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. மிருதங்கக்காரன் வாத்தியத்தின் மேல் குப்புற விழுந்து சிரித்தான். பாதி மஞ்சள் நாய் குரைத்தது.

அதிகாரி எழுந்தார். வாத்தியம் நின்றது, சிரிப்பும் நின்றது. அவருக்கு அந்தச் சிவப்பில் கோபம் தெரியவில்லை, எதிர்க்கட்சிக் கொடி தெரிந்தது.

"இது யாரு வேலை?"

அதிகாரி மேடைப் பக்கம் திரும்பினார். "மூஞ்சிக்கு வர்ணம் அடிச்சது யாருன்னு கேக்கறேன்!"

துகினெமுக்கு லஸ்மியின் ஆறு வருஷம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. அவள் வாயால் யாரை வேண்டுமானாலும் சிவப்பு, நீலம் என்று சொல்லிவிடுவாள், அந்த வாய் இப்போது திறக்கவில்லை. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

"நான்தாங்க" என்றது ஒரு குரல். பாதியில் உடைந்து, கோழி கேறுகிற மாதிரி வந்தது. திர்தோ எழுந்து நின்றிருந்தார்.

"நீங்களா?"

"ஆமாங்க. ஒங்க டப்பா பத்தல. பாலத்துக்கு ரெண்டு கோட் அடிச்சுட்டேன். அதான் மஞ்சளைக் கரைச்சு அடிக்கச் சொன்னேன். இந்தம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா... கட்டளை போட்டேங்க."

அத்தனையும் பொய். திறந்து மூடிய டப்பா இரண்டும் துகினெமின் கட்டிலுக்கடியில் இருந்தன. திர்தோ வாழ்க்கையில் யாருக்கும் கட்டளை போட்டதில்லை, வாத்துக்குக்கூட.

"இது என்னன்னு தெரியுதா ஒமக்கு? இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுதா? இதை நான் மேல எழுதுவேன்!"

"எழுதுங்கய்யா." திர்தோ நடுங்கும் கையால் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அதுவும் அவரோடு சேர்ந்து நடுங்கியது. "காலையில நீங்களே பாத்து, எல்லாம் மஞ்சள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே. இதை என்ன பண்ணட்டும்ங்க? ஒங்க கடிதத்தோட சேத்து மேல அனுப்பிரட்டுமா?"

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதனால்தான் அது அப்படித் தைத்தது. அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். மேடையில் சிவந்து நிற்கிற பீமாவைப் பார்த்தார். தனியாக மஞ்சளாக நிற்கிற சங்குனியைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது.

"வேணாம்" என்றார். "யாரும் எதுவும் அனுப்ப வேணாம்." ஜீப் கிளம்பிப் போனது. அவருக்காக ஆக்கிய ஆட்டுக்கறியை ஊர் சாப்பிட்டது. கொண்டோ அதன் பிறகு சாயங்காலம்வரை கூத்தை நடத்தி, ஊர்ப்பீடையைக் கழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த தலைவர் தேர்தலில் திர்தோவின் பெயர் பட்டியலிலேயே வரவில்லை. உடல்நிலை காரணம் என்று காகிதம் வந்தது. இது நடந்தது பிற்பாடு. ஆனால் நடக்கும் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும், பெஞ்சிலிருந்து எழுந்த அந்த நிமிஷமே தெரியும்.

சாயங்காலம் துகினெமும் லஸ்மியும் அவர் வீட்டுக்குப் போனார்கள். சான்று மேஜைமேல் தயாராக இருந்தது. திர்தோ கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து லஸ்மியிடம் நீட்டினார். "நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கே போயிரும்மா. தாமசிக்காதே."

லஸ்மி குனிந்து அவர் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். துகினெம் போகாமல் நின்றாள். அவளுக்கு இப்படி நிற்கத் தெரியாது, அவஸ்தையாக இருந்தது.

"தலைவரே. இருபது வருஷமா ஒங்களை வெளிர்நீலம்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"தெரியும்மா. என் பொண்டாட்டிதான் தினமும் கிணத்தடியிலேர்ந்து வந்து சொல்லுவாளே."

"தப்பா வச்சுட்டேன்."

"இல்லம்மா, சரியாத்தான் வச்சே." திர்தோ வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினார். "வெளிர்நீலமேதான். பாரு, காலு இன்னும் நடுங்குது."

துகினெம் பார்த்தாள். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது, மத்தியானத்திலிருந்து நிற்கவே இல்லை போல. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நடுங்கட்டும்" என்றாள். "காலுக்கு யாரும் நிறம் பாக்கறதில்ல."